இரண்டு ‘சி’யும் ஒன்றல்ல

கோகோ-கோலா லோகோவைக் கொஞ்சம் நின்று பாருங்கள். முதல் பெரிய ‘சி’யின் வால் நீண்டு, அடுத்து வரும் எழுத்துகளுக்கு அடியில் ஓடுகிறது. இரண்டாவது பெரிய ‘சி’யின் கொண்டையோ ‘எல்’லின் வளையத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறது. 1886-இல் அட்லாண்டாவில் அந்தப் பெயரைச் சூட்டி, அதை எழுதியும் காட்டியவர் தொழில்முறை ஓவியர் அல்ல. பானத்தை உருவாக்கிய பெம்பர்ட்டனிடம் கணக்கெழுதிய ஃபிராங்க் ராபின்சன். அந்தக் காலத்து அமெரிக்க வணிகர்களின் ஸ்பென்சரியன் கையெழுத்து அது. எவ்வளவு உயிருள்ள கோடுகள்!

இந்தச் சாயலில் எழுத்துரு தேடினால் கிடைக்கும். ஆனால் சாதாரண எழுத்துருவில் ஓர் எழுத்துக்கு ஒரே உருவம்தான். ஓப்பன்டைப் முறையில் மாற்று வடிவங்களும் சேர்க்கலாம். அவையும் உங்கள் சொல்லுக்கென்றே வரைந்தவை அல்ல.

துள்ளலான லோகோ ஒன்று பிடித்துப்போனால், அதில் இருமுறை வரும் எழுத்தை முதலில் கவனியுங்கள். அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் எழுத்துருவாக இருக்கலாம், தேடுங்கள். வேறுபட்டால் பெரும்பாலும் கையால் வரைந்தது. அப்படியே வேண்டுமென்று அலையாதீர்கள். தடிப்பும் சாய்வும் ஒத்த ஓர் எழுத்துருவை எடுத்து, உரிமம் அனுமதித்தால், இணைப்புகளையும் வால்களையும் நீங்களே வரையுங்கள். முடிந்தால் எழுத்துக் கலைஞர் ஒருவரிடம் கொடுங்கள். உழைப்புக்கு உரிய ஊதியத்தையும் குறைக்காமல் கொடுங்கள்.