வண்டியில வேல் ஒட்டினா போதுமா?



நம்ம ஆளுங்க வண்டியைப் பார்த்ததுமே தெரிஞ்சிடும். பைக் டேங்க்ல வேல். கார் பின்கண்ணாடியில மயில். டேஷ்போர்டுல குட்டி முருகன், கீழே "யாமிருக்க பயமேன்". பார்க்கவே சந்தோஷமா இருக்கும். இன்னிக்கு அந்த வண்டியைப் பத்திதான் கொஞ்சம் பேசப் போறோம்.

முதல்ல ஒரு கேள்வி. முருகனுக்கு மயில் எப்படி வாகனமாச்சு?

கந்த புராணக் கதை தெரிஞ்சவங்க உடனே சொல்லிடுவீங்க. போரின் முடிவில் சூரபத்மன் கடல் நடுவே மாமரமாக நின்றான். வேல் அதை இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மயில், இன்னொரு பாதி சேவல். மயில் வாகனமாச்சு, சேவல் கொடியாச்சு.

கவனிச்சீங்களா? முருகன் அவனை இல்லாமல் ஆக்கிடல. அவனோட பலம் அப்படியே இருக்கு. ஆணவம் மட்டும் போயிடுச்சு. அடங்கிய பலத்துக்குத்தான் வாகனம்னு பேரு. அடங்காத வரைக்கும் அது சூரன்தான்!

இப்போ நம்ம வண்டிக்கு வாங்க.

சிக்னல் பச்சை விழுந்த அடுத்த நொடியே பின்னாடி ஹாரன். ஒருத்தர் உரசுற மாதிரி கட் அடிச்சுட்டுப் போறார். உடனே உள்ளே ஒண்ணு எழும்பும்: "என்னையே ஓவர்டேக் பண்றியா?" கை தானா ஆக்ஸிலரேட்டரை முறுக்கும். அந்தக் குரல் யாரோடது? சூரனோடது. போர் திருச்செந்தூர்ல முடிஞ்சிருச்சுன்னு நினைக்கிறோம். நமக்கு அது தினமும் காலையில ஆபீஸ் போற வழியில நடக்குது.

போலீஸ்காரர் கை காட்டி நிறுத்துறார். "ஹெல்மெட் எங்கே தம்பி?" அபராதம் 1,000 ரூபாய். "கோயிலுக்குத்தான் சார் போறேன், விரதம் சார்..." என்று ஆரம்பிக்கிறோம். விரதம்னா நாக்கை அடக்குறது மட்டுமா? ஹெல்மெட் மாட்டிக்கிறதும் அடக்கம்தான். நாள் முழுக்க வெயில்ல நிக்கிற அந்த மனுஷன்கிட்ட குரலை உயர்த்தாம லைசென்ஸை எடுத்துக் கொடுக்கிறதும் விரதம்தான்.

டொராண்டோ பக்கம் இருந்து படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இது இன்னும் நல்லா புரியும். அங்கே தைப்பூசம் வர்றதே கடும் பனிக்காலத்துல. ரோடு வெறும் ஈரம் மாதிரிதான் தெரியும். ஆனா கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் மேல டயர் போய்க்கிட்டு இருக்கும். பாலத்துக்கு மேலேயும் கீழேயும் குளிர்காத்து அடிக்கிறதால அங்கேதான் முதல்ல உறையும். வண்டி வழுக்க ஆரம்பிச்சதும் பயந்து பிரேக்கை ஓங்கி மிதிச்சாலோ, ஸ்டியரிங்கை வெடுக்குனு திருப்பினாலோ, இன்னும் மோசமாத்தான் சுத்தும். ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்து, போக வேண்டிய பக்கம் கண்ணை வெச்சு, மெதுவா திருப்பணும்னுதான் அங்கே சொல்லிக் கொடுக்கிறாங்க. பலத்தைக் காட்டினா வண்டி நம்மளை மீறும். அடங்கினா வண்டியும் அடங்கும். பனி நமக்கு எடுக்கிற மயில் பாடம் இது.

வேலைப் பத்திப் பெரியவங்க சொல்லுவாங்க: ஞானம் வேல் மாதிரி கூர்மையா, அகலமா, ஆழமா இருக்கணும்னு. ரோட்டுக்கும் அதேதான். 80 கிலோமீட்டர் வேகத்துல ஒரு நொடிக்கு 22 மீட்டர் போறோம். மூணே நொடி போனைப் பார்த்தா, 66 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டின கணக்கு. அந்த 66 மீட்டர்ல யார் இருக்காங்க?

தை மாசம் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியா ராத்திரி வண்டி ஓட்டினவங்களுக்குத் தெரியும். ரோட்டோரம் பழனிக்கு நடந்து போற கூட்டம். வெறுங்கால், பச்சை வேட்டி, தோள்ல காவடி, தூங்குற குழந்தையைச் சுமக்கிற அப்பா, பின்னாடி கொப்புளத்தோட மெதுவா நடக்கிற பாட்டி. நம்ம ஹெட்லைட் வெளிச்சம் அவங்க முதுகுல விழுது. அந்த நிமிஷம் "யாமிருக்க பயமேன்" யாருக்குச் சொன்னது? கார் உள்ளே ஏசியில உட்கார்ந்திருக்கிற நமக்கு மட்டுமா?

அவங்களுக்கும் சொன்னதுதானே! அப்போ அந்த வார்த்தையை முருகன் காப்பாத்துறது எப்படி? நம்ம கால் பிரேக் மேல இருக்கிறதாலதான். நம்ம வண்டியைப் பார்த்து நடக்கிறவங்க பயப்படாம இருந்தாங்கன்னா, அந்த ஸ்டிக்கர் உண்மை. அவங்க பதறி ஒதுங்கினாங்கன்னா, அது வெறும் பேப்பர்.

ஒண்ணு மட்டும் தப்பா நினைக்க வேண்டாம். கவனமா ஓட்டினவங்களுக்கும் விபத்து நடக்குது. அடிபட்டவங்களைப் பார்த்து "பக்தி பத்தல" என்று யாரும் சொல்லிடாதீங்க. இறங்கி உதவி பண்ணுங்க. உதவி பண்றவங்களைப் பாதுகாக்க 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியே இருக்காங்க. வாய் 108 போற்றி சொல்லட்டும், கை முதல்ல 108-க்கு போன் போடட்டும்.

இனிமே சாவி போடுறதுக்கு முன்னாடி ச-ர-வ-ண-ப-வ என்று ஆறெழுத்தையும் மெதுவா சொல்லுங்க. சொல்லி முடிக்கிறதுக்குள்ள பெல்ட்டோ ஹெல்மெட்டோ மாட்டியாச்சு, போன் பைக்குள்ள போயாச்சு. "முருகா, என்னைக் காப்பாத்து" என்பதோட இன்னொரு வரியும் சேர்த்துக்கோங்க: "என்கிட்ட இருந்து மத்தவங்களையும் காப்பாத்து."

வீட்ல யாராவது வண்டி எடுக்கிறவங்க இருந்தா, இதை அவங்களுக்கும் அனுப்புங்க. ஆனா அவங்க ஓட்டிக்கிட்டு இருக்கிற நேரத்துல மட்டும் அனுப்பாதீங்க!

வெற்றிவேல் முருகனுக்கு... அரோகரா!