தகப்பன் குற்றமும் பிள்ளையின் காய்ச்சலும்



கணபதியிலிருந்து சத்தி ரோடு வழியாகக் காந்திபுரம் போய்வரும் நமக்கு, வ.உ. சிதம்பரனார் செக்கிழுத்த கோவைச் சிறை புதிதல்ல. மதிலுக்கு உள்ளே இருப்பவர்களைப் பற்றி ஏதோ கொஞ்சம் நினைக்கிறோம். அவர்கள் பெற்ற பிள்ளைகளைப் பற்றி நினைப்பதில்லை. 2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் 1,537 தாய்மார் 1,764 குழந்தைகளோடு இருந்தார்கள் என்று சர்க்கார் கணக்குச் சொல்லுகிறது. தகப்பனோ தாயோ உள்ளே இருக்க, வெளியே பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அப்படிப்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியம் பார்ப்பது நாம் இடும் பிச்சையா, அதற்குரிய நியாயமா?

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சேசுநாதரைக் கேட்டார்கள். இரண்டும் அல்ல என்றார் அவர். தண்டனை என்ற சொல்லின் சரியான பொருளில், ஒருவன் பாவத்துக்காக மற்றொருவன் தண்டிக்கப்படுவதில்லை என்றே அர்ச். தோமாஸ் அக்குவீனாஸும் போதிக்கிறார். இதுவரை எல்லோரும் தலையாட்டுவோம். சங்கடம் அடுத்த படியில்தான். "குழந்தையை யார் சாமி தண்டித்தது? அவன் செய்த வினை, குடும்பம் அனுபவிக்குது" என்பார்கள்.

தண்டனை வேறு, விளைவு வேறு என்பது மெய்தான். ஃபவுண்டரியில் வேலை பார்த்தவன் ஜெயிலுக்குப் போனால் சம்பளம் நிற்கும். அதோடு இ.எஸ்.ஐ. சந்தாவும் நிற்கும். சந்தா நின்று தவணைக் காலமும் கழிந்தால், அவன் மனைவி மக்களுக்கு அங்கே கிடைத்துவந்த வைத்தியமும் நின்றுபோகும். பிள்ளைக்கு இனி மருந்து இல்லை என்று எந்த நீதிபதியும் தீர்ப்பில் எழுதவில்லை. ஆனாலும் அப்படி நடக்கிறது. நடக்குமென்று தெரிந்தும் சும்மா இருந்தவன், "நான் அதை விரும்பவில்லை" என்று சொல்லித் தப்ப முடியுமா? நடுச் சாமத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடவேண்டிய கையை நம் எல்லோருடைய பேராலும் பூட்டியிருக்கிறார்கள். நியாயமாகவே பூட்டியிருக்கலாம். ஆனால் பூட்டிய பிறகு, அந்தக் கை செய்யவேண்டிய வேலை பூட்டியவர்களிடம் வந்து சேருகிறது. ஆகையால் இதைத் தர்மக் கணக்கில் எழுதக்கூடாது. கடன் கணக்கில் எழுதவேண்டும்.

நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 2006 ஏப்ரல் 13ந் தேதி, உபாத்யாய் வழக்கில், ஏறக்குறைய இதையே உத்தரவாகச் சொல்லிற்று. குழந்தை ஆறு வயது வரை சிறையில் தாயோடு இருக்கலாம். ஆனால் அதைக் கைதியாக நடத்தலாகாது. உணவும், வேளாவேளைக்குத் தடுப்பூசியும் கொடுக்கவேண்டும். பெண் வைத்தியர் அதன் வளர்ச்சியைக் கவனித்து வரவேண்டும். பிரசவம் கூடியவரையில் சிறைக்கு வெளியே நடக்கவேண்டும். உள்ளேயே பிறந்துவிட்டாலும், பிறந்த இடம் சிறை என்று பதிவு செய்யலாகாது. அந்தப் பகுதியின் விலாசம் மட்டும் போதும். இந்தக் கடைசி உத்தரவு எனக்கு மிகவும் பிடித்தது. பேச்சு வராத சிசுவின் மானத்தையும் காக்கவேண்டும் என்று எண்ணியிருக்கிறார்களே!

கூலிக்காரன் பிள்ளைக்கே பால் இல்லாதபோது கைதியின் பிள்ளைக்கு என்ன சலுகை என்று சிலர் கேட்கலாம். கேள்வி நேர்மையானதே. ஆனால் கூலிக்காரன் பிள்ளைக்குப் பால் இல்லாதது வேறோர் அநீதி. அதற்காகவும் வாதாடுவோம். இரண்டு பிள்ளைகளையும் பட்டினி போட்டால் கணக்கு நேராகிவிடுமா?

ஆறு வயது முடிந்து குழந்தை வெளியே வந்தபின் உள்ளூரில் யார் பொறுப்பு? தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு பாட்டி ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பாள். "அப்பன் ஆத்தா எங்கே?" என்று பத்துப் பேர் கேட்க உரக்க விசாரிப்பார்கள். அதற்கு அஞ்சி ஊசி போடாமலே திரும்பிவிடுகிறவளும் இருக்கலாம். நம் வின்சென்ட் தே பவுல் சபையார் இப்படிப்பட்ட வீடுகளுக்கு அரிசி கொண்டுபோகிறார்கள், சந்தோஷம். அடுத்த முறை போகையில் அந்த அட்டையையும் வாங்கிப் பாருங்கள். ஊசி பாக்கியிருந்தால், பாட்டியோடு ஒருவர் கூடப் போய் வாருங்கள்.