செப்பனிடுதலும் மாற்றுதலும்

முன்னோர் விட்டுச் சென்ற பொருளைப் பெறுவது எளிது. அதனைப் பேணும் நெறியை அறிவது அரிது. நிலமும் பொன்னும் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். இயங்கும் பொருளோ அத்தகையதன்று. அது உழைக்கும், உழைப்பினாலேயே தேயும், தேய்ந்த பின், பெற்றவனிடம் ஒரு முடிவை வேண்டி நிற்கும். அம்முடிவு பொருளைப் பற்றியது போலத் தோன்றினும், உண்மையில் நன்றியையும் கடமையையும் பற்றியதே ஆகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இத்தகைய முடிவை வேண்டி நிற்கும் பொருள்களுள் பழைய லாரியும் ஒன்று. ரப்பர்த் தோட்டங்களின் செம்மண் பாதைகளிலும், 1901இல் திறக்கப்பெற்று 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என வழங்கிய கிள்ளான் துறைமுகத்துச் சாலைகளிலும் மரப்பாலையும் சரக்கையும் ஆட்களையும் ஏற்றிச் சென்ற லாரிகளை நம்பிப் பல தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தன. அவற்றுள் பெட்போர்டு லாரி பலரும் அறிந்த ஒன்று. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் நிறுவனம் 1931இல் தொடங்கிய பெயர் அது. 1950இல் வெளிவந்த அதன் பெரிய லாரியில் ஆறு சிலிண்டர்களும் ஏறத்தாழ 4.9 லிட்டர் கொள்ளளவும் உடைய பெட்ரோல் எஞ்சின் பூட்டப்பட்டிருந்தது. இன்று அப்பெயரில் புதிய லாரி வருவதில்லை. உதிரிப் பாகங்களும் அருகிவிட்டன.

அத்தகைய லாரியொன்றைத் தந்தையிடமிருந்து பெற்ற மகன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். புகைக்குழாயில் நீலப்புகை எழுகிறது. எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது. மேட்டில் ஏறத் திணறுகிறது. பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர்ச் சுவர்களும் தேய்ந்துவிட்டன என்கிறார் பட்டறைக்காரர். வழிகள் இரண்டு. எஞ்சினை இறக்கிப் பிரித்து, சிலிண்டர்களைக் கடைந்து, அளவில் சற்றுப் பெரிய பிஸ்டன்களைப் பூட்டிச் செப்பனிடலாம். அன்றேல், ஜப்பானிலிருந்து வந்திறங்கும் பழைய டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கி மாற்றிவிடலாம். முன்னதற்குப் பொறுமையும் பொருளும் மிகுதியாக வேண்டும். பின்னது விரைவில் முடியும்.

"எஞ்சினை மாற்றிவிட்டால் அது உங்கள் அப்பாவின் லாரி ஆகுமா?" என்று தாய் கேட்கிறாள். "ஓடாத லாரியால் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என்ன பயன், அண்ணா?" என்று தம்பி கேட்கிறான். இரண்டும் புறந்தள்ளத் தக்க வினாக்கள் அல்ல.

பொருளின் அடையாளம்

தாயின் வினா மிகப் பழமையானது. ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸ் என்னும் தலைவனின் கப்பலைப் பாதுகாத்து, உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி வந்தனர் என்றும், அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதிட்டனர் என்றும் புளூடார்க் எழுதினார். கழற்றிய பலகைகளையெல்லாம் சேர்த்து வேறொருவன் மீண்டும் கப்பலாகக் கட்டினால் எது உண்மையான கப்பல் என்று 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் வினவி, முடிச்சை மேலும் இறுக்கினார்.

பிரிக்பீல்ட்ஸில் 1894 முதல் விளங்கிவரும் பௌத்த மகா விகாரை சார்ந்துள்ள தேரவாத மரபிலும் இவ்வினா உண்டு. மிலிந்த மன்னன் ஏறி வந்த தேரைச் சுட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று நாகசேனர் கேட்கிறார். எதுவும் தேரன்று, இவையெல்லாம் கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர் என்பது அவ்வுரையாடல் காட்டும் தெளிவு.

சட்டமோ இத்துணை ஆழம் செல்வதில்லை. வண்டியின் அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவில் இடம்பெறுகின்றன. எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் பெற்று, பரிசோதனைக்கு உட்படுத்தி, புதிய எண்ணைப் பதிவு செய்தல் வேண்டும். பதிவெண் பலகை பழையதே. ஆகவே சட்டத்தின் கண்ணில் அது அதே லாரி.

தாயின் மனம் அதனால் அமைதியடையுமா? அடையாது. 'அதே லாரியா?' என்னும் வினாவின் உள்ளே, 'அவரை மறந்துவிடுவோமா?' என்னும் அச்சம் இருக்கிறது. அவ்வச்சத்திற்கு விடை கூற வல்லது எண்ணும் பதிவும் அல்ல.

கூடும் உயிரும்

திருமூலர் வரலாற்றைத் தமிழ் மாணவர் அறிவர். மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்க, அவன் பசுக்கள் கதறுவதைக் கண்ட சிவயோகியார், தம் உடலை ஓரிடத்தில் காத்து வைத்து, அவனுடலில் புகுந்தார். பசுக்கள் மகிழ்ந்தன. மூலனின் மனைவியோ, உருவம் கணவனுடையதாயிருந்தும், வந்தவரிடம் ஏதோ மாறுபாடு இருப்பதை உணர்ந்தாள்.

வேற்று எஞ்சின் பூட்டிய பழைய லாரியும் இத்தகையதே. சாலையில் காண்போர்க்கு வேறுபாடு தோன்றாது. ஆயினும் நெடுங்காலம் அதன் ஒலியைக் கேட்டுக் கதவு திறந்த தாய், முதல் உறுமலிலேயே வேறுபாட்டை அறிவாள். மாற்றத்தில் இழப்பே இல்லை என்று அவளிடம் கூறுவது பொய்யாகும். எனினும் சிவயோகியார் கூடுவிட்டுக் கூடு பாய்ந்தது எதற்காக? வாயில்லா உயிர்களின் துயர் தீர்ப்பதற்காக. உயிரோடிருப்போரின் துயரைத் துடைக்கும்பொருட்டுச் செய்யும் மாற்றம் இறந்தவர்க்கு இழைக்கும் இழிவன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

மரபு காட்டும் அளவுகோல்

அங்ஙனமாயின் எப்போது செப்பனிடுவது? எப்போது மாற்றுவது? திருக்கோயில் மரபு இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலாயினும், தமிழகத்துப் பெருங்கோயிலாயினும், காலந்தோறும் திருப்பணியும் குடமுழுக்கும் நடைபெறுதல் முறை. படிமம் சிதைந்தால் செய்ய வேண்டுவதையும் ஆகமங்கள் வகுத்துள்ளன. சிறிய உறுப்புச் சிதைந்தால் செப்பனிட்டுக்கொள்ளலாம். முதன்மை உறுப்பே உடைந்தால் பழையதை முறைப்படி அகற்றிப் புதியதை நிறுவ வேண்டும். பழமையை உயிரெனப் போற்றும் மரபே மாற்றத்திற்கும் இடம் வைத்திருப்பது எண்ணத் தக்கது. விருப்பமும் வெறுப்புமன்றி, சிதைவின் தன்மையே அங்கு முடிவு செய்கிறது.

எஞ்சினுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். வளையம், பேரிங், வால்வு ஆகியன சிற்றுறுப்புகள், தேய்வதற்கென்றே அமைந்தவை. அவற்றின் தேய்வைக் கண்டு எஞ்சினையே எறிவது பொறுமையின்மை. சிலிண்டர்களைத் தாங்கும் வார்ப்பிரும்புக் கட்டையோ தலையாய உறுப்பு. கடையுந்தோறும் அதன் சுவர் மெலியும். ஓரெல்லைக்குமேல் கடைய இயலாது. செப்பனிடுதலும் பழைய இரும்பைச் சிறிது சிறிதாக உண்கிறது என்பதை உணர்தல் நலம். கட்டை வெடித்துவிட்ட நிலையிலும் பாசத்தால் அதனையே ஓட்டத் துணிவது, சாலையில் செல்லும் பிறர் உயிரோடு விளையாடுவதாகும். தந்தையின்பால் கொண்ட அன்பிற்கு அயலான் விலை கொடுத்தல் அறமன்று.

இன்னுமொன்று கருதத் தக்கது. தந்தை அந்த லாரியை அருங்காட்சிப் பொருளாக வைத்திருந்தாரா? இல்லை. டயரை மாற்றினார், கிளட்சை மாற்றினார், ஓடவேண்டும் என்பதற்காக எதை மாற்ற வேண்டுமோ அதை மாற்றினார். 'மாறாத பழைய லாரி' என்பது மகனின் நினைவில் உருவானதேயன்றித் தந்தையின் வாழ்வில் இருந்ததன்று.

வருவோர்க்கும் ஒரு பங்கு

மரபுரிமையில் மூவர்க்குப் பங்குண்டு: கொடுத்துச் சென்றவர், பெற்று வாழ்பவர், இனிப் பெறவிருப்பவர். முதல் இருவரை எண்ணுவோர் மூன்றாமவரை மறந்துவிடுதல் உலகியல்பு. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர்க்கென எழுந்த நூறு குடியிருப்புகள் 2014இல் இடிக்கப்பட்டன. ரொசாரியோ சாலை என்னும் பெயர் இருக்கிறது. அந்த வீடுகள் இல்லை. அவற்றைக் காக்க வேண்டுமா என்று இனிப் பிறக்கும் பிள்ளைகள் வாதிடவும் வழியில்லை. மாற்றத்தினும் கொடியது மீட்கவியலாத மாற்றம்.

ஆகவே மகன் செய்யத் தக்கது இது. கட்டை தாங்குமாயின், குடும்பம் அச்செலவைத் தாங்குமாயின், செப்பனிடுக. இரண்டில் ஒன்று தாங்காதெனின், தயங்காது மாற்றுக. மாற்றும்போது அடிச்சட்டத்தை வெட்டாது மாற்றுக. இறக்கிய எஞ்சினைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாது, எண்ணெய் பூசி மூடி வைக்க. புதிய எண்ணை முறையாகப் பதிந்து, செய்ததைச் செய்தபடி தாயிடம் கூறுக.

பேரன் ஒரு நாள் அப்பழைய எஞ்சினைத் திறந்து பார்க்கலாம்; பாராமலும் விடலாம். அம்முடிவு அவனுடையது. முடிவு செய்யும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துச் செல்பவனே, பெற்ற பொருளை உள்ளபடி காத்தவன் ஆவான்.