பனிக்கு எதற்குப் போர்வை?

போன அக்டோபர் கடைசியில், முப்பத்தொரு வயதில், நான்கு வயதுப் பொடிசுகளோடு வரிசையில் நின்று பனிச்சறுக்கு கற்றுக்கொண்டேன். ஆஸ்திரியாவின் டைரோல் மாநிலத்தில் இருக்கிற ஸ்டுபாய் பனியாறு. மியூனிக்கில் இருக்கும் அக்காவும் அவளுடைய ஏழு வயது மகளும் கூட வந்தார்கள். அக்கா மகளுக்கு இது மூன்றாவது வருஷம், எனக்கு முதல் நாள். ஆக, குரு அவள்தான்.

இன்ஸ்புருக்கிலிருந்து பேருந்து பள்ளத்தாக்கின் கடைசிவரை போகிறது. அங்கே கேபிள் காரில் ஏறினால் 2,900 மீட்டர் உயரத்தில் இறங்கலாம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். பூட்ஸை மாட்டக் குனிந்து நிமிர்ந்ததற்கே எனக்கு மூச்சு வாங்கியது. மேலே 3,200 மீட்டர்வரை சரிவுகள்: பழகுபவர்களுக்கு நீலம், தேறியவர்களுக்குச் சிவப்பு, துணிந்தவர்களுக்குக் கறுப்பு. நீலத்துக்கும் கீழே ஒரு உலகம் உண்டு. அங்கே தரையோடு நகரும் பெல்ட் ஒன்று நம்மைச் சின்ன மேட்டுக்கு ஏற்றிவிடும். என் இடம் அதுதான்.

“சித்தி, பீட்சா! பீட்சா!” என்று அவள் கத்திக்கொண்டே இருந்தாள். பலகைகளின் முன்நுனியைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டினால் பீட்சாத் துண்டு மாதிரி முக்கோணம் வரும், வேகம் குறையும். இணையாக வைத்தால் ‘பொம்மஸ்’, அதாவது வறுத்த உருளைக்கிழங்குக் குச்சிகள். வேகம் பிய்த்துக்கொண்டு போகும். நான் பீட்சா போட நினைத்துப் பொம்மஸ் போட்டு ஆறு தடவை விழுந்தேன். ஏழாவது தடவை விழவில்லை. ஒரு முப்பது மீட்டர் இருக்கும். சின்ன வயசில் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்த அப்பா எப்போதோ கையை விட்டுவிட்டார் என்று தெரிந்த கணம் மாதிரி இருந்தது.

மதியம் சாப்பிடப் போகும்போது சரிவின் ஓரத்தில் வெள்ளைத் துணிச்சுருள்களைப் பார்த்தோம். கம்பளி மாதிரித் தடிமன், அழுக்கேறிக் கிடந்தன. கோடையில் இவற்றைப் பனியாற்றின் மேல் விரிப்பார்கள் என்றாள் அக்கா.

“ஐஸுக்கு எதுக்கும்மா போர்வை? அதுக்குக் குளிருமா?”

வெயிலைத் திருப்பி அனுப்பத்தான் என்று நான் விளக்கினேன். இன்ஸ்புருக்கைச் சேர்ந்த பனியாற்று ஆய்வாளர் ஆண்ட்ரியா பிஷரும் அவருடைய சகாக்களும் இங்கெல்லாம் அளந்து பார்த்திருக்கிறார்கள். துணி போர்த்திய இடத்தில் உருகுவது சுமார் 60 சதவீதம் குறைகிறது.

“அப்ப மலை முழுக்கப் போர்த்திட வேண்டியதுதானே?”

முடியாது. பனியாறு அவ்வளவு பெரிது, துணியும் ஆள்கூலியும் கட்டுப்படியாகாது. லிஃப்ட் தூண் நிற்கிற இடம், சறுக்குகிறவர்கள் ஏறி இறங்குகிற இடம் என்று பார்த்துப் பார்த்துத்தான் போர்த்துகிறார்கள். நமக்குத் தேவைப்படுகிற துண்டுக்குப் போர்வை, மிச்சத்துக்கு வெயில். இதை ஏழு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சூப் ஆறிப்போகிறது என்று பேச்சை மாற்றினேன்.

ஆனால் கேள்வி என்னை விடவில்லை. பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தங்கள் கனஅளவில் 10 சதவீதத்தை இழந்தன. பொலிவியாவின் சகால்தாயா, 5,300 மீட்டருக்கு மேலே மனிதர்கள் சறுக்கிய இடம். 2009இல் அங்கே பனியாறே இல்லாமல் போனது. செத்துக்கொண்டிருக்கும் ஒன்றின் முதுகில் ஏறி விளையாடுவது தப்பா?

“நீ போகலைன்னா பனியாறு பொழைச்சுக்குமா?” என்று நண்பன் கேட்டான். அவன் கிண்டலாகக் கேட்டதைத் தத்துவவாதி வால்டர் சின்னட்-ஆம்ஸ்ட்ராங் 2005இல் சீரியஸாகவே எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஜாலிக்காக ஒருவர் கார் ஓட்டினால், அந்த ஒரு பயணத்தால் மட்டும் யாருக்கும் கேடு விளைந்தது என்று காட்ட முடியாது. ஆகவே அதைத் தனிப்பட்ட குற்றம் என்று சொல்ல முடியாது. அரசுகளைச் செயல்பட வைப்பதுதான் நம் கடமை என்பது அவர் வாதம்.

படித்தபோது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியே சந்தேகத்தையும் கொண்டுவந்தது. அண்டாவில் ஆளுக்கொரு குடம் பால் ஊற்றச் சொன்ன ராஜா கதை நமக்குத் தெரியும். ‘நான் ஒருத்தன் தண்ணி ஊத்தினா யாருக்குத் தெரியும்’ என்று எல்லோரும் நினைத்ததால், விடிந்து பார்த்தால் அண்டா முழுக்கத் தண்ணீர். என் ஒரு குடம் கணக்கில் வராது என்பது உண்மைதான். அண்டாவில் பால் இல்லை என்பதும் உண்மைதான். இரண்டாவது உண்மையை முதல் உண்மையால் அழித்துவிட முடியாது.

அக்காவின் வாதம் வேறு. “பார்க்காத ஒண்ண யாருடி காப்பாத்துவா? இவ இங்க விழுந்து எந்திரிச்சாதான் நாளைக்கு இதுக்காகப் பேசுவா.” இதில் நியாயம் இருக்கிறது. சறுக்க ஆள் வராவிட்டால் அந்தத் துண்டுப் போர்வைகூட வந்திருக்காது. ஆனால் போர்வை எங்கே முடிகிறது என்று பாருங்கள். சறுக்குகிற இடத்தோடு முடிகிறது. நம் அன்பு பெரும்பாலும் நம் உபயோகத்தின் எல்லைவரைதான் போகிறது.

எனக்கு ஒரு கோபமும் இருந்தது. இந்த இடத்தில் 1973இலிருந்து சறுக்குகிறார்கள். இவ்வளவு வருஷம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. நான் வந்து உட்காரும்போது மட்டும் குற்றவுணர்ச்சியா? பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவளிடம்தான் இலைக்கணக்குக் கேட்பார்களா? நியாயமான கோபம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கடைசி ஆள் நான் இல்லை. எனக்குப் பின்னால் ஒருத்தி, பீட்சா பீட்சா என்று கத்திக்கொண்டு நிற்கிறாள்.

கணக்கை நேர்மையாகப் போட்டால் இன்னொன்றும் தெரிகிறது. நாங்கள் ரயிலிலும் பேருந்திலும் வந்தோம். நான் வருஷத்துக்கு இரண்டு முறை அம்மாவைப் பார்க்கத் திருச்சிக்குப் பறக்கிறேன். அந்த விமானப் புகைக்கு முன்னால் இந்தப் பயணம் ஒன்றுமே இல்லை. பனிச்சறுக்கை விடச் சொன்னால் நாளைக்கே விட்டுவிட்டு நல்லவள் பட்டம் வாங்கிக்கொள்வேன். அம்மாவைப் பார்க்காதே என்றால்? அது ஆடம்பரம் இல்லை. அது இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்றும் சொல்ல முடியாது. அறக்கேள்வி உண்மையில் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. குற்றவுணர்ச்சியைப் பனிமலையிலேயே விட்டுவிட்டு வருவது அதைப் பார்க்காமலிருக்க ஒரு வசதியான வழி.

திரும்பும் ரயிலில் அவளிடம் உண்மையைச் சொன்னேன். “முழுக்கப் போர்த்த முடியாதுடா. நமக்கு வேணும்ங்கிற இடத்த மட்டும்தான் போர்த்துறாங்க.”

“மத்த இடம் பாவம் இல்லையா?”

“பாவம்தான்.”

அவள் தூங்கிவிட்டாள். அந்த வாரமே அம்மாவிடம் போனில் பேசினேன். இனி வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவேன், ஆனால் வந்தால் ஆறு வாரம் அங்கிருந்தே வேலை பார்ப்பேன் என்றேன்.

“ஏன், டிக்கெட் விலை ஏறிடுச்சா?”

“இல்லம்மா, இங்க ஐஸ் உருகுது.”

கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு, “வந்தா நிறைய நாள் இருப்பல்ல? அது போதும்” என்றார். இதனால் ஒரு பனியாறும் பிழைக்காது என்று எனக்குத் தெரியும். அண்டாவில் ஊற்ற என்னிடம் இருக்கிற குடம் இதுதான்.