இறுகிய மரையாணி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழியின் முதற்பத்தில் இரண்டாம் திருவாய்மொழி பரோபதேசமாய் அமைந்தது. அதன் மூன்றாம் பாசுரத்தில், அஹங்கார மமகாரங்களை வேரோடு களையும்படி நம்மாழ்வார் அருளிச்செய்கிறார். களைக என்றவுடன் களைய வல்லோமோ?

பணிமனை ஒன்றில் அடியேன் கண்டது இது. பழைய இயந்திரத்தைப் பிரிக்கையில் ஒரு போல்ட் மட்டும் கழலவில்லை. இளைஞர் ஒருவர் ஸ்பேனரின் பிடியில் நீண்ட குழாயை மாட்டி, முழுபலத்தோடு அழுத்தலானார். மூத்த தொழிலாளி தடுத்தார்: "தலை முறிந்தால் தண்டு உள்ளேயே நின்றுவிடும்." அவர் துருவில் எண்ணெய் விட்டார்; சுத்தியலால் மெல்லத் தட்டினார்; காத்திருந்தார். சுற்றியிருந்த உலோகம் விரியும்படி சூடேற்றினார். பின்பு சற்றே முடுக்கி, சற்றே தளர்த்தி, மறுபடியும் அவ்வாறே செய்ய, துரு உதிர்ந்து ஆணி அசைந்தது.

நம்முடைய 'நான், எனது' என்பதும் அநாதிகாலமாகத் துருவேறியதே. ஸ்வப்ரயத்நத்தால் நெரித்தால், 'நான் துறந்தேன்' என்னும் புதிய அஹங்காரமே முறிந்த தண்டாய் உள்ளே நிற்கும். ஆசார்யனுடைய க்ருபையாகிய எண்ணெய் ஊறவேண்டும். ஆழ்வார்களுடைய விரஹதாபம் அருளிச்செயல் வழியே நம் நெஞ்சையும் சுடவேண்டும். ஆணி தன்னைத் தானே கழற்றிக்கொள்வதில்லை. சேதநன் பக்கல் வேண்டுவது, பிள்ளை லோகாசார்யர் காட்டியருளிய விலக்காமையே. சிறிது தளர்ந்த நெஞ்சு மீண்டும் இறுகுகிறதே என்று கலங்கவேண்டா. முடுக்குவதும் தளர்த்துவதும் ஒரே கை, அவனுடைய கை.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.