பெருந்தொற்றுக் கட்டுப்பாடும் மாணவர் இசைவும்: ஓர் அறவியல் நோக்கு

பிறர் நலன் கருதி ஒருவரைக் கட்டுப்படுத்துங்கால் அவருடைய இசைவு வேண்டுமா என்பது அறவியலின் கடினமான வினாக்களுள் ஒன்று. கொரோனாப் பெருந்தொற்றில் இவ்வினா பல்கலைக்கழக மாணவர்களைச் சார்ந்து எழுந்தது. உயிரிழக்கும் வாய்ப்பு முதியோர்க்கே மிகுதி. வகுப்பையும் விடுதி வாழ்வையும் இழந்தோரோ இளையோர். இதுபற்றியே, இளையோர் கட்டுப்பாட்டை வெறுப்பவர் என்னும் கருத்துப் பரவலாயிற்று. அது பொருந்துவதாக இல்லை.

இந்தியாவில் 2020 செப்டம்பர் இறுதிக்குள் இறுதியாண்டுத் தேர்வுகளை நடத்துமாறு பல்கலைக்கழக மானியக் குழு சூலையில் நெறிமுறை வகுத்தது. மாணவர் சிலர் அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை நாடினர். அவர்கள் வேண்டியது தளர்வன்று, மிகுதியான எச்சரிக்கை. மாநிலங்கள் தேர்வைத் தள்ளிவைக்கக் கோரலாம், தேர்வின்றித் தேர்ச்சி வழங்கலாகாது என ஆகஸ்டு 28இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சீனத்தில் நிலைமை நேர்மாறானது. வளாகங்கள் நெடுங்காலம் அடைபட்டிருந்தன. 2022 நவம்பர் 24இல் உரும்சி நகர அடுக்ககத் தீயில் பத்துப்பேர் மாண்டனர். கட்டுப்பாடுகளே மீட்பைத் தடுத்தன என மக்கள் பலர் நம்பினர், அரசு மறுத்தது. நான்சிங்கிலும் பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்திலும் மாணவர்கள் எழுத்தற்ற வெள்ளைத்தாளை ஏந்தி நின்றனர். சொல்லத் தடையுள்ள இடத்தில் வெறுந்தாளே கூற்றாயிற்று.

ஒருசாரார் கட்டுப்பாட்டை வேண்டினர், மறுசாரார் மறுத்தனர். எனினும் தம் உடலுக்கு நேரும் இடர் பற்றிய முடிவில் தமக்கும் காரணம் கூறப்படவேண்டும் என்பதில் இருசாராரும் ஒன்றுபடுகின்றனர் எனலாம். இசைவு என்பது உடன்பாடு மட்டுமன்று. காரணத்தைக் கேட்டு மறுமொழி கூறும் உரிமையும் அதனுள் அடங்கும்.

ஆணையினும் அறிவுரையையே பெரிதும் நம்பிய சுவீடன் இவ்வுரிமைக்கு அணுக்கமாக நின்றது. அங்கும் 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைக் கல்விக்கு மாறின. சிறுவர் பள்ளிகள் திறந்திருந்தன. ஆயின் முதல் அலையில் இறந்தோருள் பெரும்பங்கினர் முதியோர் இல்லங்களில் வாழ்ந்தோர். தன்விருப்பநெறி அடிப்படையில் சரியே, தொடக்க நடவடிக்கைகள் போதா என அந்நாட்டு ஆணையம் 2022இல் அறிவித்தது. சுவீடனைப் போற்றும் மாணவர் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

இந்திய மாணவர் வழக்கில் தோற்றனர்; காரணங்கள் எழுத்தில் கிடைத்தன. சீன மாணவர் கேட்டது 2022 திசம்பர் 7இல் கிடைத்தது. அவர்தம் குரலுக்கு மறுமொழி கிடைக்கவில்லை. அத்தளர்வும் முன்னேற்பாடின்றி வந்தது. எண்பது கடந்தோர் பலர் ஊக்கத் தவணைத் தடுப்பூசி பெற்றிராத குளிர்காலம் அது.