கைக்குக் கீழே ஒரு கை

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் பிற குழந்தைகளும் பெற்றோருடன் ஒன்றாக அமர்ந்து களிமண் பிசைந்தும் காகிதம் வெட்டியும் வண்ணம் தீட்டியும் பழகும் கலைப் பயிலரங்குகளைப் பற்றிய பேச்சு, பெரும்பாலும் உரிமை என்ற தளத்திலேயே நடைபெறுகிறது. 2006இல் ஐக்கிய நாடுகள் பொது அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் உறுப்பு, அவர்களுடைய படைப்பாற்றல் அவர்களின் நன்மைக்கு மட்டுமன்றிச் சமூகத்தின் வளத்துக்கும் உரியது என்று கூறுவதால், அப்பேச்சுக்கு வலுவான அடிப்படையும் உண்டு. எனினும் உரிமை வழங்கப்பட்ட பிறகும் மெய்யியல் சார்ந்த கேள்வியொன்று எஞ்சி நிற்கிறது: விரல்கள் வசப்படாத குழந்தையின் கையைத் தாய் இறுகப் பற்றித் தூரிகையைத் தானே நகர்த்தி ஒரு மயிலை வரைந்து முடித்தால், அந்த மயில் யாருடைய ஆக்கம்?

அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் ஆக்கத்தையும் செயலையும் வேறுபடுத்துகிறார். ஆக்கத்தின் பயன் அதற்கு வெளியே, உருவான பொருளில் இருக்கிறது. நற்செயலின் பயனோ அச்செயலிலேயே அடங்கியிருக்கிறது. பயிலரங்கை வெறும் ஆக்கமாகக் கொண்டால் தாய் வரைந்த மயிலில் குறையேதும் இல்லை. அதைச் செயலாகக் கொண்டால், குழந்தைக்கு உரியதாக இருந்த ஒரே பொருளை அன்பின் பெயரால் அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள் என்றே சொல்ல வேண்டும்.

சைவ மரபு இக்கேள்வியை இன்னும் நெருங்கி அறிந்திருக்கிறது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளுள் முதலாவதான சரியை, திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், பூத்தொடுத்தல் முதலிய உடல்வழித் தொண்டுகளைக் குறிக்கும். அத்தகைய உடல்வழித் தொண்டு செய்தவராகப் பெரியபுராணம் கூறும் தண்டியடிகள் பிறவியிலேயே கண்பார்வை அற்றவர். திருவாரூர்த் திருக்குளம் தூர்ந்து சுருங்கியதை அறிந்து வருந்தி அதைத் தோண்ட முனைந்தபோது, குளத்திலும் கரையிலும் தறிகளை நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவியபடியே மண்ணைச் சுமந்துவந்து கரையில் கொட்டினார். அந்தக் கயிறு அவருக்கு வழிகாட்டியதே தவிர அவருக்காக ஒரு கூடை மண்ணையும் சுமக்கவில்லை. கதையின் முடிவில் இறையருளால் அவர் பார்வை பெறுகிறார் என்பது உண்மைதான். ஆயினும் அவரை நாயன்மார் வரிசையில் நிறுத்தியது பார்வை பெறுவதற்கு முன் அவர் செய்த பணியே என்று கொள்வதுதான் பொருத்தமானது.

பார்வையும் செவிப்புலனும் ஒருங்கே குறைந்த குழந்தைகளுக்குக் கற்பிப்போர் கையாளும் முறையொன்று இக்கயிற்றின் இயல்பை அப்படியே கொண்டிருக்கிறது. பெரியவர் குழந்தையின் கையை மேலிருந்து பிடிப்பதில்லை. தம் கையைக் கீழே வைக்கிறார், குழந்தையின் கை அதன்மேல் தளர்வாக அமர்கிறது. அடியில் உள்ள கை களிமண்ணை அழுத்தும்போது அந்த அசைவு மேலுள்ள விரல்களுக்குத் தெரிகிறது. விரும்பினால் குழந்தை விரலை நீட்டி ஈர மண்ணைத் தொடலாம், விரும்பாவிட்டால் எந்த நொடியிலும் கையை விலக்கிக்கொள்ளலாம். உலகை அறியும் வாயிலாகக் கையையே பெரிதும் நம்பியிருக்கும் குழந்தைக்கு, இந்த விலகும் உரிமை சிறிய சலுகை அன்று.

பிறர் உதவி கலந்தாலே ஆக்கம் தனதாகாது என்று இதனால் முடிவு செய்யலாகாது. சாந்திநிகேதன் ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி பார்வையை முற்றிலும் இழந்த பின்னரும் காகிதத்தை வெட்டி உருவங்கள் படைத்தார். அங்குள்ள கலைப்பள்ளியான கலாபவனத்தின் சுவரில் ஓடுகளாலான பெரும் சித்திரத்தையும் அமைத்தார். அத்தகைய பணியில் பல கைகள் சேர்ந்திருந்தாலும், எந்த உருவம் எங்கே அமைய வேண்டும் என்ற தேர்வு அவருடையதாக இருக்கும்வரை ஆக்கமும் அவருடையதே. எனவே கேள்வி கையின் தூய்மையைப் பற்றியதன்று, தேர்வு யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றியது. மண்ணைப் பிசைந்து பிசைந்து எந்த உருவமும் செய்யாமல் எழுந்துவிடும் குழந்தையின் தேர்வையும் இதில் சேர்த்தே எண்ண வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோக ஏதேனும் வேண்டும் என்று எதிர்பார்த்து வந்த பெற்றோருக்கு எல்லாவற்றிலும் கடினமானது இதுதான், பயிலரங்கு நடத்துவோர் அவர்களிடம் முதலிலேயே பேசிவைக்க வேண்டியதும் இதுதான்.